கதிரையைக் காட்டுங்கோ

காலை 5.25க்கு என்னுடைய லப்டொப்பில் கதிரைகள் வரத் தொடங்கும். முகம் இல்லை, கதிரை மட்டும். கனடாவில், ஸ்காபரோ அக்காவின் சாப்பாட்டு மேசைக் கதிரை. மார்க்கம் அன்ரியின் மடிக்கிற இரும்புக் கதிரை. இங்கே திருகோணமலை உப்புவெளியில் இருந்து, ஒரு கால் கொஞ்சம் வளைந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை (அதை மாற்றச் சொல்லி மூன்று மாதமாகச் சொல்கிறேன்). எல்லாம் சுவரில் முதுகு முட்டி நிற்கும். ஒன்று ஒன்றாகப் பார்த்து "ஓம், சரி" என்று சொல்லி முடிய, கமராக்கள் அணைந்துவிடும். பிறகு நான் பன்னிரண்டு கறுப்புப் பெட்டிகளுக்கு உடற்பயிற்சி படிப்பிப்பேன்.

இது என்ன வழக்கம் என்று புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. எழுதி வைத்தால் இனி லிங்கை அனுப்பிவிடலாம்.

நான் பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்து விளையாடினவள். பிறகு திருகோணமலையிலேயே ஒரு பாடசாலையில் ஒப்பந்தத்தில் பயிற்றுநராக இருந்தேன். 2020 மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் ஊரடங்கு போட்டார்கள். மைதானம் பூட்டினது பூட்டினதுதான். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிப்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் இரண்டு தரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். கனடாவில் இருக்கும் என் மச்சாள்தான், "வீட்டுக்குள்ள கிடந்து ஊதுறம், எங்களுக்கு ஏதாவது சொல்லித் தாவன்" என்றாள். மூன்று பேரோடு தொடங்கினது. முன் அறையில் மேசையைச் சுவரோடு தள்ளி, தையல் மெசினுக்கு மேலே லப்டொப்பை வைத்து, சாமிப்படம் கமராவில் விழாமல் கொஞ்சம் சரித்து. இன்றைக்கும் அதே மெசின்தான். தைக்கத்தான் நேரம் இல்லை.

மைதானத்தில் படிப்பிக்கும்போது எனக்கு வாய் பெரிதாகத் தேவைப்படவில்லை. செய்து காட்டுவேன், பிள்ளைகள் செய்வார்கள், பிழை என்றால் பக்கத்தில் போய் முழங்காலில் ஒரு தட்டு, தோளைப் பிடித்து ஒரு திருப்பு. சூமில் தட்டவும் ஏலாது, திருப்பவும் ஏலாது. அதைவிடப் பெரிய சிக்கல், யாரும் கமரா போடவில்லை. ஒருவருடைய ஹோலில் மாமனார் ரிவி பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் சோட்டியோடு நிற்பார். ஒருவருக்கு வீடு கூட்டவில்லை. கிண்ணியாவில் இருந்து சேர்ந்த தங்கச்சி முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டா: "மிஸ், கமரா போட ஏலா. ஆனா செய்வன்." நான் வற்புறுத்தவில்லை. ட்ராக் காற்சட்டையோடு நானே கடற்கரையில் ஓடினால் நாலு பேர் நின்று திரும்பிப் பார்க்கிற ஊர். அப்படியிருக்க மற்றவர்களிடம் கமராவைப் போடு என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் மிஞ்சினது வாயும் காதும்.

வாய்தான் முதலில் சறுக்கியது. "இடுப்பில் மடியுங்கோ, முதுகு நேராக இருக்கட்டும்" என்பேன். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் குனிவதைத்தான் சொல்கிறேன். ஆனால் மறுநாள் வட்ஸ்அப்பில் நாலு பேர், "நாரி பிடிச்சுப் போட்டுது" என்று எழுதுவார்கள். என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்காமலே தெரியும், கூனிக் குனிந்திருக்கிறார்கள். பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "பிள்ளை, ரெண்டு கையிலயும் சட்டி பானை, கதவைப் பின்பக்கத்தால தள்ளிச் சாத்திறது எண்டு சொல்லன். ஆருக்கு விளங்காது?" மைக் திறந்திருந்ததால் அது ரொறொன்ரோ வரைக்கும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் செய்தார்கள். அடுத்த நாள் நாரி நோ என்று ஒருவரும் எழுதவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் வீட்டுக்குள் சொல் பொறுக்கத் தொடங்கினேன். இருந்து எழும்புகிற பயிற்சிக்கு, தேங்காய் துருவ இருக்கிற திருவலைக்கட்டை. தோளைத் தளர்த்துவதற்கு, "தோடு ஆட இடம் விடுங்கோ." வயிற்றை இறுக்கச் சொன்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அது பிரஷர் உள்ள ஆட்களுக்குக் கூடாது; பாரம் தூக்கும் நேரம் மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஆகையால், "ஒருக்கா இருமுங்கோ. வயிறு என்ன செய்தது? அதை அப்படியே வைச்சுக்கொண்டு மூச்சை விடுங்கோ." பன்னிரண்டு பேர் ஒன்றாக இருமுவதைக் கேட்டு அம்மா ஒருநாள் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்தா.

பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தபோதுதான் கிணற்றில் விழுந்தேன்.

ரோயிங் என்று ஒரு அசைவு. கொஞ்சம் குனிந்து நின்று, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்து, முழங்கையைப் பின்னால் இழுக்க வேண்டும். இதற்குக் கிணற்றைவிடப் பொருத்தமான உவமை ஏது? "கிணத்தில வாளி இழுக்கிற மாதிரி" என்றேன். சொன்ன கையோடு எனக்கே உள்ளம் குளிர்ந்தது. ஆனால் போத்தல் எங்கெங்கோ இடிபடுகிற சத்தம். "அன்ரி, என்ன செய்றீங்கள்?" என்று கேட்டால், "மேலயிருந்து கீழ இழுக்கிறன்" என்றார் மார்க்கம் அன்ரி. அவர் வீட்டுக் கிணற்றில் கப்பி. கப்பியில் கயிற்றைக் கீழ்நோக்கித்தானே இழுப்பார்கள்! ஸ்காபரோ அக்கா யாழ்ப்பாணப் பக்கம், அவவுக்குத் துலா, மறுமுனையில் பாரம் கட்டின நீள மரம். அவ கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கயிற்றைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, வாளி தானாக மேலே வருவதற்குக் காத்துக்கொண்டு நின்றா. எங்கள் வீட்டுக் கிணற்றில் ஒன்றும் இல்லை. கிணற்றுக் கட்டோடு குனிந்து நின்று, கை மாற்றிக் கை மாற்றி இழுக்கிற கிணறு. நான் சொன்னது அந்தக் கிணறு. கிண்ணியாத் தங்கச்சி, "மிஸ், எங்கட ஊட்ட மோட்டர்" என்றா.

பிறகு எங்கே பயிற்சி? துலாவா கப்பியா, எது சுகம் என்று வழக்குத் தொடங்கிவிட்டது. எந்த வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர், எதில் உவர், யார் வீட்டில் வாளி விழுந்து பாதாளக் கரண்டி இரவல் வாங்கினார்கள். முப்பது வருடமாகக் குழாயைத் திருகுகிறவர்கள் கயிறு கையை உரசின இடத்தைச் சொல்கிறார்கள். வகுப்பு நேரத்தில் பத்து நிமிடம் அப்படிப் போனது. இப்போது நான், "கப்பியும் இல்லை, துலாவும் இல்லை, கட்டில குனிஞ்சு நிண்டு இழுக்கிறது" என்று நீளமாகத்தான் சொல்கிறேன். நீளமாக இருந்தாலும் பிழைக்க இடமில்லை.

வலம் இடம் இன்னொரு கூத்து. சூமில் என் உருவம் எனக்குக் கண்ணாடியில் போலத் தெரியும். மற்றவர்களுக்கும் அப்படித்தான் தெரியும் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை. அவர்களுக்கு நான் எதிரே நிற்கிற ஆள். என் வலக்கை அவர்களுடைய திரையில் இடப்பக்கம். ஆகவே "வலம்" என்று சொல்லிக்கொண்டு இடக்கையைத் தூக்கப் பழகினேன். வாய் ஒன்று சொல்ல உடம்பு ஒன்று செய்கிற இந்தப் பொய் வர எனக்கு ஆறு மாதம் எடுத்தது. இன்னும் களைத்தால் மாறிப்போகும். மாறிப்போகாமல் இருக்க "சோத்துக்கைப் பக்கம்" என்றுதான் சொல்வது. லண்டன் ஹரோவில் ஒரு பிள்ளை, அங்கேயே பிறந்தது, தாயிடம் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது: "அம்மா, முள்ளுக்கரண்டியா கத்தியா?"

இனிக் கதிரைக்கு வருகிறேன்.

2021இல் ஒருநாள். கதிரையில் இருந்து எழும்புவது, திரும்ப இருப்பது, அவ்வளவுதான். வயது போனவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பேன். "கதிரை ஒண்டு எடுங்கோ" என்றேன். பாட்டுப் போட்டு எண்ணத் தொடங்கினேன். ஐந்து, ஆறு. ஏழு சொல்லும்போது ஏதோ ஒரு பெட்டிக்குள் சில்லு உருளுகிற சத்தம். அடுத்தது தொப். பிறகு ஒன்றும் இல்லை.

பாட்டை நிறுத்தினேன். யார் என்று தெரியாது. எல்லாமே கறுப்பு. "ஆர் விழுந்தது? சொல்லுங்கோ" என்கிறேன், எல்லோரும் ஒரே நேரத்தில் "நான் இல்லை, நான் இல்லை" என்கிறார்கள், அந்தச் சத்தத்தில் விழுந்த ஆளின் குரல் வரவில்லை. உலகத்தின் மற்றப் பக்கத்தில் யாரோ ஒருவர் நிலத்தில் கிடக்கிறார், என்னிடம் அவர் வீட்டு விலாசம்கூட இல்லை. ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு அது அரை மணித்தியாலம்.

"பிள்ளை, நான்தான். ஒண்டும் முறியேல்லை. கதிரை ஓடிப் போட்டுது."

மார்க்கம் அன்ரி. வீட்டில் இருந்து வேலை செய்கிறவர். அவரிடம் இருந்தது ஒஃபீஸ் கதிரை, அடியில் ஐந்து சில்லு. நான் கதிரை என்றேன், அவர் கதிரைதான் எடுத்தார். அவரில் என்ன பிழை? பின்பக்கம் ஒரு வாரம் கன்றிப் போயிருந்ததாம், மகனுக்குச் சொல்லவில்லையாம். எனக்கு மட்டும் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அடுத்த வகுப்பில் இருந்து இதுதான் சட்டம். உங்களைக் காட்ட வேண்டாம், கதிரையைக் காட்டுங்கோ. சில்லு இருக்கக் கூடாது, கைப்பிடி இருந்தாலும் பரவாயில்லை, முதுகு சுவரில் முட்ட வேண்டும், கீழே பாய் விரிப்பு ஒன்றும் இருக்கக் கூடாது. சேரும்போதே விலாசமும், வீட்டில் இருக்கிற இன்னொருவருடைய நம்பரும் வாங்கி ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பிரஷர், சீனி, முழங்கால், கடைசியாகச் செய்த சத்திரசிகிச்சை, எல்லாம் அதில் இருக்கிறது. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ என்னிடம் அனுமதி கேட்காமல் இருந்துவிட வேண்டும், தனியாக இருக்கிறவர்கள் கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு வர வேண்டும்.

காதுக்குப் பயிற்சியும் அந்தத் தொப்புக்குப் பிறகுதான் தொடங்கியது. கதிரைப் பயிற்சி நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரையும் மைக்கைத் திறக்கச் சொல்வேன். சூம் சத்தத்தை வடிகட்டுகிற செற்றிங்கையும் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்குக் காப்புச் சத்தம் தெரியும். ஸ்காபரோ அக்காவின் காப்பு இரண்டு தரம் கிலுங்கினால் ஒருமுறை இருந்து எழும்பியாச்சு. மூச்சு வாயால் வருகிறதா மூக்கால் வருகிறதா என்று தெரியும். பயிற்சிக்கு நடுவில் நான் ஏதாவது கேள்வி கேட்பேன், "இண்டைக்கு என்ன கறி?" என்று. ஒரு வசனம் முழுதாகச் சொல்ல முடிந்தால் அளவான வேகம். "கத்த... ரிக்காய்" என்று இடையில் முறிந்தால் கொஞ்சம் குறைக்க வேண்டும். முழுச் சமையல் குறிப்பும் வந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். ஒருநாள் எல்லோரும் இருபதாவது தரம் எழும்பிக்கொண்டிருக்க, எங்கேயோ தேத்தண்ணிக் கோப்பைக்குள் கரண்டி சுற்றுகிற சத்தம். யார் என்று நான் கேட்கவில்லை. "சீனியைக் குறைச்சுப் போடுங்கோ" என்றேன். கரண்டி அப்படியே நின்றது.

வகுப்பு ஏன் சரியாக நாற்பது நிமிடம் என்று கேட்கிறவர்களுக்கு: 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்கு ஏறினபோது நான் சூமுக்குக் காசு கட்டுவதை நிறுத்தினேன். இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் அது தானாகவே எல்லோரையும் வெளியே தள்ளிவிடும். வாரத்துக்கு மூன்று வகுப்பு, 120 நிமிடம். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட நடுத்தர உழைப்பு. மிச்சம் 30 நிமிடம் நடவுங்கோ என்று சொல்லிவிட்டேன். பிறகு காசு கட்ட வசதி வந்தும் மாற்றவில்லை. நாற்பதாவது நிமிடம் வெட்டுப்படும் என்று தெரிந்தால் ஊர்க்கதைக்கு ஒருவரும் போக மாட்டார்கள். கிணற்று நாளைத் தவிர.

கரண்டைப் பற்றி எழுதினால் இது முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். இருட்டுக்குள் போன் வெளிச்சத்தில் என் நிழலே எனக்குப் பின்னால் என்னைவிட நன்றாகப் பயிற்சி செய்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு முட்டியதால் என்று அமைச்சரே சொன்னார். எனக்கு லண்டன்காரருடைய வகுப்புக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. போனில் 34 வீதம் சார்ஜ். வகுப்பு இல்லை என்று செய்தி போட்டு, காரணத்தையும் எழுதினேன். ஹரோ அன்ரி, "களவுக்கு வேற சாட்டுக் கிடைக்கேல்லையோ?" என்று பதில் போட்டா. பின்னேரம் செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு குரங்குப் படம் அனுப்பினா.

காற்றும் அப்படித்தான். கச்சான் என்கிற தென்மேல் சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் முன் அறை போறணை. ஃபேன் இல்லாமல் நிற்க ஏலாது. ஆனால் பாட்டுத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று சத்தம் வடிகட்டுவதை நிறுத்தினால் ஃபேன் சத்தமும் அவர்களுக்குச் சேர்ந்து கேட்கும். "என்ன, இண்டைக்குக் கடற்கரையில நிண்டோ படிப்பிக்கிறீங்கள்?" என்று கேட்பார்கள். திருகோணமலை என்று சொல்லிவிட்டால் எந்தச் சத்தமும் கடல்தான் அவர்களுக்கு. அல்லது மான். எங்கள் ஒழுங்கைக்கு விடியப்புறம் புள்ளிமான் வரும், கேற்றுக்குள் தலையை நீட்டி வாழைப்பழத்தோல் தின்னும். ஒருநாள் கமராவைத் திருப்பிக் காட்டிவிட்டேன். அன்றையில் இருந்து பயிற்சி கடினமாகும் நேரம் பார்த்து யாராவது ஒருவர், "மான் வந்திட்டுதோ?" என்பார்.

நேரக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் இதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். எங்கள் காலை 5.30 என்பது ரொறொன்ரோவில் முதல்நாள் இரவு 8 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டைப் பின்னால் திருப்பினால் அது 7 மணி ஆகிவிடும்; அந்த நேரம் அவர்கள் வேலையால் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். 6.30க்குத் தள்ளினால் இங்குள்ளவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சமைக்கிற நேரம். ஆகவே மார்ச் வரைக்கும் எனக்கு இரண்டு வகுப்பு, அதே காசுக்கு. லண்டன்காரர் இதற்கு ஒரு வாரம் முந்தியே திருப்பிவிடுவார்கள். ஏன் எல்லோரும் ஒன்றாகத் திருப்பக் கூடாது என்று அம்மா கேட்கிறா. எனக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்கு வயது 71. கமராவுக்கு வெளியே, குசினி வாசலில் அவவுக்கும் ஒரு கதிரை. மாதம் ஒருமுறை ஒரு சோதனை வைப்பேன்: கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்க முடியும்? 70 முதல் 74 வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தால் விழுகிற அபாயம் கூட என்று கணக்கு. முதல் மாதம் அம்மா ஒன்பது. "உன்ர மணிக்கூடு பிழை" என்றா. நாலு மாதத்தில் பன்னிரண்டு. மணிக்கூட்டைப் பற்றிப் பிறகு கதை இல்லை.

இன்று காலையும் கதிரைகள் வந்தன. ஒன்று, இரண்டு, பதினொன்று. பன்னிரண்டாவது பெட்டியில் கதிரை இல்லை, சாரம் கட்டின இரண்டு முழங்காலும் ஒரு ரிமோட்டும்.

"அக்கா, கதிரை எங்க?"

"கதிரை கிடக்கு. அவர் அதில இருக்கிறார். எழும்ப மாட்டாராம்."

"அப்ப அவரே செய்யட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு ரிமோட்டை மேசையில் வைக்கிற சத்தம். அண்ணை பத்துத் தரம் எழும்பி இருந்தார். கணக்கு எண்ணினது அக்கா. ஏழில் இருந்து நேரே பத்துக்குப் பாய்ந்தது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.